இப்போதைக்கு வாங்கவில்லை, ஆனாலும் ஆதரிக்கிறோம்

வெளிநாட்டில் தொழில் செய்யும் பிள்ளைகள் விடுமுறைக்கு வருமுன், கண்டிக்கு அருகிலுள்ள மடவளை வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகும். பால்மா, சவர்க்காரம், அத்தர் என்றிருந்த பட்டியலில் பிறகு கைத்தொலைபேசி சேர்ந்தது. 2025 ஜூன் 5ஆம் திகதி ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘ஸ்விட்ச் 2’ என்ற கேம் கொன்சோலை வெளியிட்டது முதல், பதின்வயதுப் பிள்ளைகள் உள்ள சில வீடுகளில் அந்தப் பெயரும் பட்டியலின் கடைசி வரிக்கு வந்துவிட்டது. எழுதும் கை மகனுடையது. அதன் மேல் கோடு போடும் கை பெரும்பாலும் உம்மாவுடையது.

இந்த இழுபறியில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அதனால்தான் இதை வீட்டுச் சண்டையாக விட்டுவிடாமல் பொதுவில் பேச விரும்புகிறோம். ஒரு நிறுவனம் சரியான வழியில் போகிறது என்று நம்புகிறவர், அதன் பொருளை உடனே வாங்கித்தான் அந்த நம்பிக்கையைக் காட்ட வேண்டுமா? வாங்காதவருக்கு ஆதரவாளர் என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டா? கேள்வி கேம் கொன்சோலைப் பற்றியது என்றாலும், சூரியசக்தித் தகடு, மின்சார முச்சக்கர வண்டி என்று நாளை நம் வாசலுக்கு வரப்போகும் பல பொருள்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் பிள்ளைகளின் பக்கம். நின்டெண்டோவின் திசை என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

1889இல் கியோட்டோ நகரில் கைவேலைச் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. கியோட்டோ பழைய அரசர்களின் தலைநகர். கண்டியைப் போலவே விகாரைகளும் மலைகளும் சூழ்ந்த ஊர். அங்கு வேலை செய்த குன்பெய் யொகொய் என்ற வடிவமைப்பாளர் ஒரு கொள்கை வைத்திருந்தார். ஆகப் புதிய, ஆக விலையுயர்ந்த தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. பழகி, மலிந்துபோன ஒன்றை எடுத்து எவரும் எண்ணாத வேலைக்குப் பயன்படுத்து என்பது அதன் சாரம். கல்குலேட்டரின் திரையை வைத்துக்கொண்டு 1980இல் ‘கேம் அண்ட் வொட்ச்’ வந்தது. நிறமில்லாத திரையோடு 1989இல் ‘கேம் போய்’ வந்தது. போட்டியாளர்கள் வண்ணத் திரை காட்டியும் அதை வெல்ல முடியவில்லை. அவர்களின் பட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துபோனதும் அதற்கு ஒரு காரணம்.

2006இல் வந்த ‘வீ’ கொன்சோலும் அதே வழிதான். அப்போதைய தலைவர் சட்டோரு இவாட்டா, விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் வேகமான இயந்திரம் கொடுப்பதைவிட, இதுவரை விளையாடாத தாய்க்கும் பாட்டனுக்கும் ஒரு கருவி கொடுப்பதே முக்கியம் என்று நினைத்தார். கையை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறந்தது. ‘வீ’ பத்துக் கோடிக்கும் மேல் விற்றது.

இன்னொன்றையும் பிள்ளைகள் விடாமல் சொல்கிறார்கள். 2012இல் வந்த ‘வீ யூ’ எடுபடாமல் நிறுவனம் நட்டத்தில் விழுந்தபோது, 2014 ஜனவரியில் இவாட்டா ஐந்து மாதங்களுக்குத் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். வேலை போய்விடும் என்ற பயத்தோடு இருப்பவரால் மக்கள் மனதைத் தொடும் கேம் செய்ய முடியுமா என்று அவர் பங்குதாரர்களிடம் ஏற்கனவே கேட்டிருந்தார். அண்மைய ஆண்டுகளில் உலகின் பெரிய கேம் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதைப் படிக்கும் ஒரு இளைஞனுக்கு, இவாட்டாவின் அந்த முடிவு பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. இப்படிப்பட்ட நிறுவனத்தை ஆதரிக்காமல் வேறு எதை ஆதரிப்பது என்று அவன் கேட்பதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ள முடியாது.

இனி உம்மாமார், வாப்பாமாரின் பக்கம். ஸ்விட்ச் 2இன் அமெரிக்க அறிமுக விலை 449.99 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 135,000 ரூபாய். 2024 ஜனவரி முதல் நம் நாட்டில் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். இறக்குமதி செய்பவரின் செலவும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகியிருக்கிறது. ஆக, வரி ஒன்றும் சேராத விலையே அந்தச் சம்பளத்தில் நாலரை மாதம். கேம் ஒன்று இல்லாமல் கொன்சோல் வெறும் பெட்டி. ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ என்ற ஒரு கேமின் விலை மட்டும் 79.99 டொலர். கையிலே பணம் இருக்கும் வீட்டுக்கும் இது யோசிக்க வேண்டிய தொகை. 2022 பொருளாதார நெருக்கடியின் வரிசைகளை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு சுவரும் கூரையும் திருத்திக்கொண்டிருக்கும் குடும்பங்களும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அந்த உம்மா கோடு போடுவதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர் வைக்க முடியாது.

விலைக்கு அப்பால் வேறொரு சிக்கலும் உண்டு. இலங்கைக்கென்று நின்டெண்டோவின் இணையக் கடை கிடையாது. இன்னொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டு அன்பளிப்பு அட்டை வாங்கித்தான் கேம் இறக்க வேண்டும். இயந்திரம் பழுதானால் உத்தரவாதத்தோடு போய் நிற்க கண்டியில் ஓர் இடம் இல்லை. தெரிந்த தம்பி ஒருவர் திறந்து பார்த்துச் சரிசெய்தால் உண்டு.

ஜப்பானில் உறவினர் இருப்பவர்கள் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே 2025இல் 49,980 யென்னுக்கு அறிமுகமான ஸ்விட்ச் 2 மலிவாகத் தெரியும். ஆனால் அது ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும். ஜப்பானை நாடாகப் பதிந்த கணக்குகளை மட்டுமே ஏற்கும். பன்மொழிப் பதிப்பின் அறிமுக விலை அங்கேயே 69,980 யென். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆசையோடு வாங்கி வந்தால், சேமித்த பணத்துக்கு வீட்டில் யாராலும் வாசிக்க முடியாத ஒரு திரைதான் மிஞ்சும்.

ஆகவே காத்திரு என்று சொல்லி முடித்துவிடலாமா? வரலாறு அவ்வளவு நேராகப் போகவில்லை.

காத்திருந்தவருக்கு வெற்றி கிடைத்த கதை ஒன்று. 2011 மார்ச்சில் நின்டெண்டோவின் ‘3டிஎஸ்’ கைக்கருவி அமெரிக்காவில் 249.99 டொலருக்கு வந்தது. விற்பனை மந்தமாக இருந்ததால் அதே ஆண்டு ஆகஸ்டில் 169.99 டொலராக விழுந்தது. ஐந்தே மாதத்தில் 80 டொலர்! முதலில் வாங்கிய விசுவாசிகளைச் சமாதானப்படுத்த நிறுவனம் இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தது. மைக்ரோசொஃப்டின் ‘எக்ஸ்பொக்ஸ் 360’ இன்னும் கசப்பான பாடம். 2005 இறுதியில் வந்த அந்த இயந்திரம் சிவப்பு விளக்கு எரிந்து செயலிழப்பது பரவலாகி, 2007இல் நிறுவனம் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்காக நூறு கோடி டொலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. உத்தரவாதம் எட்டாத நாடுகளில் முந்திக்கொண்டு வாங்கியவருக்கு அந்த நூறு கோடியில் ஒரு சதமும் வந்திருக்காது.

எல்லோரும் காத்திருந்ததால் ஒரு நல்ல பொருள் அழிந்த கதையும் இருக்கிறது. சேகா நிறுவனத்தின் ‘ட்ரீம்காஸ்ட்’ 1998 நவம்பரில் ஜப்பானிலும் அடுத்த செப்டம்பரில் அமெரிக்காவிலும் வெளிவந்தது. இணையத்தோடு இணையும் மோடம் அதற்குள்ளேயே இருந்தது. காலத்துக்கு முந்திய யோசனை. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், ரசிகர்கள் திசை சரி என்றார்கள். ஆனால் சோனியின் ‘பிளேஸ்டேஷன் 2’ வரப்போகிறது, அதில் டிவிடி படமும் பார்க்கலாம் என்ற செய்தி பரவியதும், கோடிக்கணக்கானோர் பணப்பையை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். ட்ரீம்காஸ்ட் ஏறத்தாழ 90 இலட்சம் விற்றதோடு 2001 மார்ச்சில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. சேகாவின் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்திலிருந்து ஏறத்தாழ 70 கோடி டொலர் பெறுமதியை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு அதே மாதம் காலமானார். சேகா அதன் பிறகு கொன்சோல் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டது. புகழ்ந்தவர்களின் எண்ணிக்கை வாங்கியவர்களின் எண்ணிக்கையைவிட எவ்வளவோ பெரிதாக இருந்திருக்கும். மகன் உம்மாவிடம் எடுத்துவைக்கக்கூடிய ஆக வலுவான வாதம் இதுதான்.

அந்த வாதத்தை மதித்தே ஒரு பதில் சொல்லலாம். ஸ்விட்ச் 2 ட்ரீம்காஸ்டின் நிலையில் இல்லை. முதல் நான்கு நாள்களில் 35 இலட்சமும், 2025 செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கோடிக்கும் மேலும் விற்றுவிட்டது. மடவளையில் ஒருவர் இரண்டு ஆண்டு தாமதிப்பதால் கியோட்டோவில் ஒருவருக்கும் வேலை போகாது. நம் பணம் இன்றைக்கே போய்ச் சேராவிட்டால் சாய்ந்துவிடும் நிலையில் இருப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் பிறகு வருவோம்.

அதே நேரம் விலை தானாக இறங்கும் என்று உம்மாவும் நம்பியிருக்க வேண்டாம். முன்பு கொன்சோல்கள் வயதாக வயதாக மலிந்தன. இப்போது அந்தப் பழக்கம் முறிந்துவிட்டது. 2020இல் வந்த ‘பிளேஸ்டேஷன் 5’ இன் விலையை சோனி 2022இல் பல நாடுகளில் ஏற்றியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் 50 டொலர் ஏற்றியது. எக்ஸ்பொக்ஸ் அதே ஆண்டில் இரு முறை ஏறியது. நினைவகச் சில்லுகளைச் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் அவற்றின் விலையும் கூடிவருகிறது. எனவே காத்திருப்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல காரணம் விலை அல்ல. குடும்பத்தின் வரிசையில் இது எத்தனையாவது தேவை, பழுது பார்க்க வழி பிறக்கிறதா, பிள்ளையின் ஆர்வம் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகும் நிற்கிறதா என்ற கேள்விகள்தான்.

இங்கே சற்றுச் சங்கடமான ஒரு பழைய கணக்கையும் திறக்க வேண்டும். தொண்ணூறுகளில் வளர்ந்த இலங்கையரில் பலர் சூப்பர் மரியோவை ‘டீவி கேம்’ என்ற மலிவுப் பெட்டியில்தான் சந்தித்தார்கள். அதில் செருகும் மஞ்சள் நிற அட்டையின் மேல் ‘9999 கேம்’ என்று அச்சிட்டிருக்கும்; உள்ளே இருபதோ முப்பதோ திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெட்டி நின்டெண்டோவின் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த நகல். நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. பின்னர் பிளேஸ்டேஷன் 2 வந்த காலத்தில் ‘சிப் அடித்து’ நகல் டிவிடி போட்டு விளையாடினோம். அசலை இங்கே விற்க யாரும் வரவில்லை, வந்திருந்தாலும் வாங்கும் வசதி இருக்கவில்லை என்பது உண்மை. அந்த நகல்களை நோண்டிப் பார்த்துத்தான் சிலர் கணினித் துறைக்குள் நுழைந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் வாங்காமல் ஆதரிக்கிறோம் என்று இன்று நாம் சொல்லும்போது அதற்குள் இந்தப் பழைய வழி ஒளிந்திருக்கக் கூடாது. வாங்கவில்லை என்றால் காசு கொடுக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை என்றே இருக்க வேண்டும். இதில் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் கருத்து வேற்றுமை இராது என்று நினைக்கிறோம்.

அப்படியானால் ஆதரவு எந்த வடிவில்? முதல் வடிவம், பெட்டி இல்லாமலே அந்தத் திசையில் நடப்பவர்களுக்குக் கைகொடுப்பது. இவாட்டா தேடிய அந்த விளையாடாத தாய்க்கு, தமிழ்ச் சூழலிலிருந்தே ஒரு கேம் வந்திருக்கிறது. கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 ஜூலை 31இல் வெளியிட்ட ‘வெண்பா’. எண்பதுகளில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியும் அவர்களின் மகன் கவினும் அதன் பாத்திரங்கள். துப்பாக்கி கிடையாது, ஓட்டப்பந்தயம் கிடையாது. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேட்டில் மை கரைந்துபோன வரிகளை ஊகித்து, இட்லியை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதற்குப் பிறகு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் வீட்டுப் புட்டுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. சுதந்திர கேம் விழாவின் பெரும் பரிசும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதும் 2024இல் அதற்குக் கிடைத்தன.

‘வெண்பா’ ஸ்விட்சிலும் ஓடுகிறது. சாதாரணக் கணினியிலும் ஓடுகிறது. அறிமுக விலை 14.99 டொலர், நம் கணக்கில் 4,500 ரூபாய் அளவு. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே முடிந்துவிடும் கேமுக்கு அது அதிகம் என்று ஒருவர் சொல்லலாம். அவ்வப்போது வரும் கழிவு விற்பனைக்குக் காத்திருக்கலாம். ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து செய்யும் இப்படிப்பட்ட படைப்புக்கு நம் 4,500 ரூபாய் செய்யும் வேலையை, நின்டெண்டோவுக்கு நம் ஒன்றரை இலட்சம் செய்யாது. சற்று முன் சொன்ன அந்த வேறு ஆட்கள் இவர்கள்தான்.

இரண்டாவது வடிவம் குரல். வாடிக்கையாளர் சத்தமிட்டால் பெரிய நிறுவனமும் திரும்பிப் பார்க்கும் என்பதற்கு அண்மைய சான்று உண்டு. 2024 மே மாதத் தொடக்கத்தில் சோனி, கணினியில் ‘ஹெல்டைவர்ஸ் 2’ விளையாடுவோர் தன் பிளேஸ்டேஷன் கணக்கோடு இணைந்தே ஆக வேண்டும் என்றது. அந்தச் சேவையே இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் கேமின் விற்பனை நின்றது. இலங்கையும் அந்தப் பட்டியலில். உலகெங்கும் விளையாடுவோர் இலட்சக்கணக்கில் எதிர்ப்பு எழுதினார்கள். சில நாள்களுக்குள் சோனி கட்டாயத்தைக் கைவிட்டது. ஐரோப்பாவில், நிறுவனம் சேவையகத்தை மூடியதும் காசு கொடுத்து வாங்கிய கேமும் மறைந்துபோவதைத் தடுக்கக் கோரும் குடிமக்கள் மனு, 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையெழுத்தைக் கடந்தது. அதில் ஒப்பமிட நமக்கு உரிமை இருக்கவில்லை, ஆனால் அது வென்றால் பயன் இங்கேயும் வந்து சேரும்.

நின்டெண்டோவிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஆதரவாளர் என்றால் வாய்மூடி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே. ஸ்விட்ச் 2இன் சில கேம் அட்டைகளுக்குள் கேம் முழுமையாக இல்லை. அது திறவுகோல் மட்டும், மீதியை இணையத்தில் இறக்க வேண்டும். டேட்டாவை எண்ணிப் பாவிக்கும் நமக்கு இது பாரம். தெற்காசியாவின் பெரும்பகுதி அந்த நிறுவனத்தின் வரைபடத்தில் இன்னும் இடம்பெறவில்லை. எல்லோருக்கும் விளையாட்டு என்று சொல்லும் நிறுவனத்திடம், அந்த எல்லோரில் நாங்களும் உண்டா என்று பணிவாகவே கேட்கலாம். அதேபோல் நம் அரசிடமும் ஒரு கேள்வி உண்டு. இ-விளையாட்டை 2019இல் விளையாட்டாக அங்கீகரித்த நாட்டில், பாடசாலைகளும் பொது நூலகங்களும் கற்றலுக்கென இறக்குமதி செய்யும் கருவிகளுக்கு ஏதாவது வரிச் சலுகை பற்றி யோசிக்க முடியாதா? கருவூலத்தின் நெருக்கடி தெரிந்ததே. உடனடியாக நடக்கும் என்று சொல்லவில்லை.

மூன்றாவது வடிவம்தான் ஊருக்கு உகந்தது, எங்களுக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. வீட்டுக்கு வீடு வாங்குவதற்குப் பதில் கூட்டாக ஒன்று. சீட்டுக் கட்டிப் பழகிய சமூகம் இது. பத்துக் குடும்பங்கள் மாதம் 2,500 ரூபாய் போட்டால் ஒரு வருடத்தில் 300,000 சேரும். இயந்திரமும் நான்கைந்து கேமும் வாங்கிய பிறகும் பழுதுபார்க்க ஒரு தொகை மீதமிருக்கும். ஒரு விளையாட்டுக் கழகமோ, வாசிகசாலையோ, பழைய மாணவர் சங்கமோ பொறுப்பெடுக்கலாம். நின்டெண்டோவின் கேம்களில் நல்லவை பெரும்பாலும் ஒரே அறையில் நாலு பேர் தோளுரசி ஆடுவதற்கென்றே செய்யப்பட்டவை. தனியறையில் கதவடைத்து விளையாடுவது பற்றிப் பெற்றோர் படும் கவலைக்கும் இது பொருத்தமான விடை. இதிலும் ஆட்சேபனை வரும், வரட்டும். தொழுகை நேரத்திலும் டியூஷன் நேரத்திலும் திறந்திருக்கக் கூடாது என்பார்கள், நியாயம். பெண் பிள்ளைகளுக்கும் உரிய நேரம் வேண்டும் என்பார்கள். அது முதல் நாளிலேயே நேர அட்டவணையில் எழுதப்பட வேண்டும். பக்கத்து சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளையும் வாரத்தில் ஒரு நாள் அழைக்கலாம்; மொழி தெரியாமலே சேர்ந்து ஆடக்கூடிய ஒன்று கையில் இருப்பதன் அருமையை 2018 மார்ச் இனக்கலவரத்தைக் கண்ட இந்தப் பகுதிக்கு விளக்கத் தேவையில்லை.

தொடங்க விரும்புபவர்கள் பணம் சேர்க்குமுன் நாலு காரியத்தைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. இயந்திரம் யார் பெயரில் வாங்கப்படும், கணக்கின் கடவுச்சொல் எந்த இரு பெரியவர்களிடம் இருக்கும், உடைந்தால் யார் செலவு, ஒரு குடும்பம் இடையில் விலகினால் போட்ட பணத்தில் எவ்வளவு திரும்பும். கடைசிக் கேள்விக்கு விடை காண்பதற்குள் இரண்டு கூட்டம் போய்விடும். அதற்கிடையில் பிள்ளைகள் வீட்டுக் கணினியில் ‘வெண்பா’வை உம்மாமாருக்குக் காட்டட்டும், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் போகும் வரிசையை அவர்கள் எப்படியும் திருத்துவார்கள்.